மீனாட்சிபுரத்து மாடிக் கடையும் நூற்றிருபது ரூபாய்க் கேபிளும்

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில், அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு மாடியில் இயங்கும் சிறிய கணினிப் பழுதுநீக்கும் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஒரே ஆள் நடத்தும் கடை. இப்போதே மேசையின்மேல் ஏழெட்டுப் பெட்டிகள் வரிசையில் காத்திருக்கின்றன. இன்னும் கூட்டம் சேர்ந்தால் எதையும் ஒழுங்காகப் பார்த்துக் கொடுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். எனவே பெயரை விட்டுவிட்டு, அங்கே நடந்த வேலையை விவரமாகச் சொல்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கணினி ஒரே நாளில் நத்தையாகிவிட்டால் அதை எப்படிப் பார்க்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதை அறிய விரும்புகிறவர்களுக்குப் பெயரைவிட அந்த விவரமே பயன்படும்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மணவாளக்குறிச்சியில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வீடு. பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது இப்போதைய வேலை. அதற்குப் பயன்படுத்தும் மேசைக் கணினி 2014ஆம் ஆண்டில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கோத்தது: இன்டெல் ஐ3-4130 செயலி, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பிற்பாடு ஏற்றிய விண்டோஸ் 10. பழைய பொருள்தான். ஆனால் முந்நூறு பக்கக் கோப்பைத் திறந்து ஒற்றுப் பிழை பார்ப்பதற்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. என் மனைவி மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கையும் அதிலேயே எழுதிவந்தாள்.

கடந்த ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், கணினியைத் திறந்தால் மேசைத்திரை வருவதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. முந்தைய நாள் இரவு ஒரு நிமிடத்தில் வந்தது. சுட்டி நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் வராது. ஒரு சொல்லைத் தட்டினால் எழுத்துகள் அரை நிமிடம் கழித்து மொத்தமாக வந்து விழும். டிஸ்க் வேலை செய்வதைக் காட்டப் பெட்டியின் முகப்பில் இருக்கும் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும். பிறகு திடீரென்று ஐந்து நிமிடம் எல்லாம் சரியாக ஓடும், மறுபடியும் உறைந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் எல்லாரும் செய்கிற தவறுகள் எல்லாவற்றையும் நானும் செய்தேன். முதலில் இணையம் மெதுவாகிவிட்டது என்று எண்ணி ஃபைபர் இணைப்புக் கொடுத்தவரை வரவழைத்தேன். இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தாலும் கணினி அப்படியேதான் இருக்கிறது என்பதை அவர்தான் காட்டிவிட்டுப் போனார். அடுத்து மைத்துனர் மகன் ஒரு வேகமூட்டும் இலவச மென்பொருளை ஏற்றினான். அது 1,700 குறைகளைக் கண்டுபிடித்து, அவற்றைத் தீர்க்கப் பணம் கேட்டது. ஏற்கெனவே விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பு இருக்கும்போது இன்னொன்றையும் ஏற்றினோம். அதில் இருந்த கொஞ்சம் வேகமும் போயிற்று.

பிறகு ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். நான் பாராட்ட வந்த கடை அதுவன்று. அது எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. பெட்டியைத் திறந்தார்கள், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார்கள், சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்கான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, கூலியோடு 3,400 ரூபாய் வாங்கினார்கள். என் எழுத்துருக்களையும், பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும் கோப்புகளை மாற்றுவதற்கு வைத்திருந்த கருவியையும், பத்தாண்டுகளாகச் சேர்த்த சொற்பட்டியலையும் எடுத்து வைக்கவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழற்றிய பழைய டிஸ்கை நான் கேட்டு வாங்கி வந்தேன். அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பழுது என்று சொல்லிக் கழற்றும் எந்தப் பாகத்தையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன.

புது எஸ்எஸ்டியோடு ஒன்பது நாள் கணினி பறந்தது. பத்தாம் நாள் பழைய நோய் அப்படியே திரும்பியது. அதே சிவப்பு விளக்கு, அதே உறைதல். மறுபடி தொலைபேசியில் கேட்டபோது, மதர்போர்டு (பாகங்கள் எல்லாம் சொருகியிருக்கும் முதன்மைப் பலகை) போயிருக்கும், விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இனி இந்தப் பெட்டியில் பணம் போடாமல் புதிது வாங்கிவிடுங்கள் என்று சொன்னார்கள். தேதி சரிதான். ஆனால் ஆதரவு முடிந்த காரணத்தால் ஒரு கணினியில் எழுத்து அரை நிமிடம் கழித்து வருமா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மீனாட்சிபுரத்துக் கடையைச் சொன்னவர், பத்திரம் எழுதும் என் பழைய மாணவர் ஒருவர். ஏறிப்போகும் படி குறுகலானது, செங்குத்தானது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது என் வயதுக்காரர்களுக்குச் சிரமம் என்பதை முதல் குறையாகச் சொல்லிவிடுகிறேன். கீழே இருந்து தொலைபேசியில் அழைத்தால் அவரே இறங்கிவந்து தூக்கிக்கொள்கிறார் என்பது இரண்டாம் முறைதான் தெரிந்தது. கடை பன்னிரண்டடிக்குப் பத்தடி இருக்கலாம். விளம்பரத் தட்டி இல்லை, கண்ணாடி அலமாரி இல்லை, விற்பனைக்குப் புதுக் கணினியும் இல்லை. பாகம் விற்று லாபம் பார்க்காத இடத்தில்தான் பாகத்தை மாற்றாமல் சரிசெய்ய ஆள் இருப்பார் என்பது என் கருத்து. அதில் எல்லாரும் உடன்பட வேண்டியதில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். "சாரே, கொஞ்சம் கொஞ்சமா மந்தம் ஆச்சா, இல்ல ஒரே நாள்லயா?" என்பது முதல் கேள்வி. ஆன் செய்த உடனேயே மெதுவா, கொஞ்ச நேரம் ஓடிய பிறகா? உறையும்போது விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? இணையத்தைப் பிடுங்கினாலும் அப்படியேயா? அதற்கு முந்தைய நாள் இடி மின்னல் உண்டா, பெட்டியை இடம் மாற்றினீர்களா, புதிதாக எதையாவது ஏற்றினீர்களா? வீடு எங்கே? மணவாளக்குறிச்சி என்றதும் தலையை ஆட்டினார். கடலுக்கு எவ்வளவு தூரம் என்றும், ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்தது என்றும் கேட்டார். மருத்துவரிடம் போனால்கூட இப்போதெல்லாம் இவ்வளவு கேட்பதில்லை.

முதல் கேள்வியின் பொருளை அவர் பிறகு விளக்கினார். பழசாவதால் வரும் மந்தம் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் வரும்: மென்பொருள்கள் கனத்துக்கொண்டே போகும், கணினியோடு சேர்ந்தே தொடங்கும் நிரல்கள் பெருகும், டிஸ்கில் இடம் நிரம்பும். செயலி மட்டும் பத்தாண்டு கழித்தும் அதே வேகத்தில்தான் கணக்குப் போடும். ஆகவே நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் காரணம் வயதாக இருக்க முடியாது. நேற்றுக்கும் இன்றுக்கும் இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும், அதைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கும் முன்னால் ஒரு வேலை செய்தார். கணினியை இயக்காமலேயே எஸ்எஸ்டியைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி இணைப்பியில் பொருத்தி, தம் கணினியில் சொருகி, என் கோப்புகள் முழுவதையும் ஒரு வெளி டிஸ்கில் படியெடுத்து வைத்துக்கொண்டார். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் கோப்பு மிஞ்ச வேண்டும் என்பது அவருடைய விதி. இந்த முன்னெச்சரிக்கையே முதல் தடயத்தையும் கொடுத்தது. என் வீட்டில் ஒரு படத்தைத் திறக்கத் திணறிய அதே எஸ்எஸ்டி, அவருடைய கணினியில் நொடிக்கு 400 எம்பிக்குக் குறையாமல் கோப்புகளைக் கொடுத்தது. டிஸ்க் குற்றவாளியன்று என்பது அப்போதே பாதி உறுதியாகிவிட்டது.

மறுபடி என் பெட்டியில் மாட்டி இயக்கினார். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், எந்தப் பாகம் எவ்வளவு வேலையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயலி 4 சதவீதம், நினைவகம் 40க்குச் சற்று மேல், டிஸ்க் மட்டும் 100. டிஸ்க் 100 என்றால் அது கடுமையாக உழைக்கிறது என்று நான் இதுநாள்வரை நினைத்திருந்தேன். அருகிலேயே இருக்கும் படிக்கும் வேகத்தையும் எழுதும் வேகத்தையும் பார்க்கச் சொன்னார்: நொடிக்கு ஒரு எம்பிகூட இல்லை. ஒரு வேண்டுகோளுக்கு டிஸ்க் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 3,000 மில்லிநொடியைத் தாண்டி நின்றது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில்கூடத் தேவையான இடம் சுழன்று வந்து சேரச் சராசரியாக 4 மில்லிநொடிதான் ஆகும். அந்த 100 சதவீதம், கையில் வேலையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. எவ்வளவு வேலை முடித்தது என்பதை அது காட்டாது. ரயில்வே கேட் அடைத்திருக்கும்போது சாலை முழுக்க வண்டிதான், ஒன்றும் நகராது, அதுபோல என்றார்.

அடுத்து விண்டோஸிலேயே இருக்கும் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவர். அதில் சிஸ்டம் என்ற பகுதியில் மஞ்சள் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருந்தன. 153 என்ற எண்ணுடையவை, டிஸ்கிடம் கேட்டது கிடைக்காமல் மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று என்பதைக் குறிப்பவை. 129 என்ற எண்ணுடையவை, பதிலே வராததால் அந்தச் சாதனத்தை மீட்டமைக்க நேர்ந்ததைக் குறிப்பவை. நான் குறித்து வைத்திருந்த உறைதல் நேரங்களுடன் 129இன் நேரங்கள் நிமிட அளவில் பொருந்தின. பழைய டிஸ்கிலும் இத்தகைய பட்டியல் இருந்திருக்கும்; முதல் கடையில் அதைத் திறந்து பார்த்திருந்தால் 3,400 ரூபாய் மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தார். டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே எண்களாகக் குறித்து வைத்துக்கொள்கின்றன. இந்த மென்பொருள் அந்தக் குறிப்பேட்டைப் படித்துக் காட்டுகிறது. எண்கள் முதலில் பதினாறு அடிமானத்தில் தெரிவதால் நம்மைப் போன்றோருக்குப் புரியாது. பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ள அதிலேயே வழி இருக்கிறது. பார்க்க வேண்டிய வரிகள் நான்கு என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், அந்தத் தாள் இப்போது என் மேசைக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் ஐயத்தில் நிற்கும் பகுதிகள். சி6 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் நாளுக்கு நாள் ஏறினால் ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே சாகிறது. அப்போது செய்ய வேண்டியது கோப்புகளை உடனே படியெடுப்பது ஒன்றுதான், டிஸ்கைச் சீர்செய்யும் நிரல்களை மீண்டும் மீண்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் இருக்கிற உயிரும் அதிலேயே போய்விடும். திருமணப் படங்கள் அடங்கிய ஒரு ஸ்டுடியோ டிஸ்க் அவர் மேசையில் அந்த நிலையில்தான் கிடந்தது. சி5 நூற்றுக்கணக்கில் இருந்தது, டக் டக்கென்று சத்தமும் வந்தது.

நான்காவது வரி சி7. அது டிஸ்கின் உடல்நிலையைப் பற்றியதே அன்று. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் பாதையாக இருக்கும் கேபிளைப் பற்றியது. தரவு அந்தக் கேபிளில் 8 கிலோபைட்டுக்கு மிகாத சிறுசிறு பொதிகளாகப் போகிறது. ஒவ்வொரு பொதியின் முடிவிலும் அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் சேர்க்கப்படுகிறது. பெறுகிற பக்கம் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது; பொருந்தாவிட்டால் பொதியைத் தள்ளிவிட்டு மறுபடி கேட்கிறது; பொருந்தாத தடவைகளைச் சி7 எண்ணி வைக்கிறது. அச்சகத்திலிருந்து வரும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதில் எத்தனை எழுத்து என்று குறித்து அனுப்பினால், நான் எண்ணிப் பார்த்து, குறைந்தால் பக்கத்தைத் திருப்பி அனுப்புவேன் அல்லவா, அப்படித்தான். பக்கத்தில் பிழை நுழையாது. ஆனால் எல்லாப் பக்கமும் நான்கு முறை போய்வந்தால் புத்தகம் எப்போது முடியும்? என் கோப்புகள் ஒன்றும் கெடாமல் இருந்ததற்கும், கணினி மட்டும் நின்றுபோனதற்கும் இதுதான் விளக்கம்.

என் எஸ்எஸ்டி வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. சி7இல் 1,316 இருந்தது. அதே திரையில் தரவுப் பாதையின் வேகத்தைக் காட்டும் இடத்தில் சாட்டா/150 | சாட்டா/600 என்று இருந்தது. சாட்டா என்பது இந்தக் கேபிள் இணைப்பின் பெயர், எண் நொடிக்கு எத்தனை எம்பி என்பது. வலப்பக்கம் இருப்பது டிஸ்கால் முடிந்த வேகம், இடப்பக்கம் இருப்பது இப்போது உண்மையில் ஓடும் வேகம். பிழைகள் மிகுந்ததால் இரு பக்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டு வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தன. அவர் 4 ஜிபி அளவுள்ள ஒரு கோப்புறையைப் படியெடுக்கச் செய்தார். அது முடிவதற்குள் இருவரும் கீழே போய்ச் சாயா குடித்துவிட்டு வந்துவிட்டோம். எண் 1,389 ஆகியிருந்தது.

கணினியை அணைத்துவிட்டுப் புதுக் கேபிளை மாட்டினார், வேறு எதையும் தொடவில்லை. அதே கோப்புறை, அதே படியெடுப்பு. ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது, எண் 1,389இலேயே நின்றது. நான் கிளம்ப ஆயத்தமானேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டுப் புதுக் கேபிளைக் கழற்றிப் பழையதை மறுபடி மாட்டினார். எண் 1,431க்கு ஏறியது. அதன்பிறகே பழையதைக் குப்பைக் கூடையில் போட்டார். புதியதை மாட்டியதும் சரியாகிவிட்டது என்பது மட்டும் சான்றாகாது, கழற்றி மாட்டிய அசைவிலேயே சரியாகியிருக்கலாம், பழையதைத் திரும்ப மாட்டி நோய் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் தீர்ப்பு எழுதலாம் என்றார். முதல் கடையில் ஒன்பது நாள் பறந்ததன் மர்மமும் இதிலேயே அவிழ்ந்தது: ஹார்ட் டிஸ்கிலிருந்து பிடுங்கி எஸ்எஸ்டியில் சொருகியபோது முனையில் படிந்திருந்த கசடு உராய்ந்து விலகியிருக்கிறது, ஒன்பது நாளில் மறுபடி படிந்துவிட்டது. இந்த ஒரு செயலுக்காகவே இந்தக் கடையை நான் எவருக்கும் பரிந்துரைப்பேன். நாற்பதாண்டு மாணவர்களுக்குப் பாடம் சொன்னவனுக்கு, ஆய்வு முறை என்றால் என்ன என்பதை நூற்றிருபது ரூபாய்க் கேபிளைக் கொண்டு ஒருவர் காட்டினார்.

கேபிளின் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகக் காட்டினார். ஏழு சிறு உலோகத் தகடுகள்; டிஸ்கின் பக்கம் சொருகும் முனையில் இரண்டில் பச்சை பூத்திருந்தது. ஆடிக் காற்றில் கடலிலிருந்து வரும் உப்புத் துளிகள் நம் கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பியை எப்படி அரிக்கின்றனவோ அப்படியே பெட்டிக்குள்ளும் போய்ப் படிகின்றன. விசிறி அவற்றை உறிஞ்சி உள்ளே இழுத்தும் கொடுக்கிறது. ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் உப்பு அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு செம்பைத் தின்னத் தொடங்குகிறது. அந்தத் தகடுகளின் வழியாக நொடிக்கு 600 கோடி பிட்டுகள் போக வேண்டியிருக்கிறது. மேலே பூசிய மெல்லிய பொன்பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பக்கமிருந்து வரும் பெட்டிகளில் இதை அடிக்கடி பார்ப்பதாகவும், தக்கலைக்கு வடக்கே மலையோரத்திலிருந்து வருபவற்றில் எறும்புக் கூடும் பல்லி முட்டையும்தான் கூடுதல் என்றும் சொன்னார்.

பழைய ஹார்ட் டிஸ்கையும் காட்டினேன். 05, சி5, சி6 மூன்றும் பூச்சியம். சி7 மட்டும் ஐந்து இலக்கம். போய்விட்டது என்று எனக்குச் சொல்லப்பட்ட டிஸ்க் ஆரோக்கியமாகவே இருந்தது. சொற்பட்டியலும் எழுத்துருக்களும் அதில் பத்திரமாக இருந்தன. அதையும் புதிய கேபிளோடு பெட்டியிலேயே மாட்டிப் படிகள் சேமிக்கும் இடமாக வைத்துக் கொடுத்தார். ராம் அட்டையின் முனைகளை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தார், செயலியின் மேலிருக்கும் விசிறியைக் கழற்றித் தூசு தட்டி, சூட்டைக் கடத்தும் புதிய பேஸ்ட் பூசினார். இரண்டு கேபிளுக்கு 240, கூலி 450. மொத்தம் 690 ரூபாய். ரசீது கேட்டால்தான் கொடுக்கிறார், கேளுங்கள்.

விண்டோஸ் 11 பற்றிக் கேட்டேன். நான்காம் தலைமுறைச் செயலி அதற்குரிய பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தரலாம், தாம் அதைச் செய்வதில்லை என்றார். விண்டோஸ் 10க்கு வீட்டுப் பயனாளர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், அதைச் செய்துகொடுத்தார். பாதுகாப்பு வேறு, வேகம் வேறு, இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

இனி இக்கடையின் தவறு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறு நாள் கணினி குறையின்றி ஓடியது. ஏழாம் நாள், ஆன் செய்யும்போது வேகமாக வந்து, இருபது நிமிடத்துக்குப் பின் திணறத் தொடங்கியது. இந்த முறை நானே டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் 2 சதவீதம். செயலி 100. செயல்திறன் பக்கத்தில் அடிப்படை வேகம் 3.40 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்க, நடப்பு வேகம் 0.79இல் நின்றது. விசிறி அலறியது. தொலைபேசியில் சொன்னதும், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றி விசிறியின் நான்கு கால்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார். ஒரு கால் மட்டும் மேலெழும்பி நின்றது. நாகர்கோவிலிலிருந்து நான் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தேன். சாலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை. இன்டெல் பெட்டியோடு தரும் அந்த விசிறியின் பிளாஸ்டிக் கால்கள் முழுமையாக அழுந்திப் பூட்டிக்கொள்ளாவிட்டால் குலுக்கலில் விடுபடும். விசிறிக்கு அடியில் சூட்டை வாங்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் ஒருபக்கம் தூக்கிக்கொண்டால் செயலியின் சூடு வெளியேறாது, செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் கால்வாசிக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். அதனால்தான் ஆன் செய்த உடனே நன்றாகவும், சூடேறிய பின் மோசமாகவும் இருந்தது. அவருடைய இரண்டாவது கேள்வி எதற்கு என்பது இப்போது விளங்கியது.

கழற்றி மாட்டியவர் அவர்; பூட்டிக்கொண்டதா என்று மதர்போர்டின் பின்பக்கம் பார்க்க வேண்டியவரும் அவரே. "கழத்துனது நான், நான்தான் பாத்திருக்கணும் சாரே" என்று ஒத்துக்கொண்டார். எழும்பிய காலை நானே அழுத்திவிடவா என்றதற்கு வேண்டாம் என்றார். பேஸ்டுக்குள் காற்று புகுந்திருக்கும், துடைத்துப் புதிதாகப் பூசித்தான் உட்கார வைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்விட்டு, குளச்சலில் ஒரு வேலையாக வந்தவர் வீட்டுக்கே வந்து செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை, என் மனைவி கொடுத்த ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். போகும்முன் மேற்கு ஜன்னலுக்கு அடியில் தரையில் இருந்த பெட்டியை எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு மரப்பலகையின்மேல் ஏற்றி வைத்தார். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் ஓட விட்டால் உள்ளே ஈரம் தங்காது. ஓடும்போது துணி போட்டு மூடக் கூடாது. இடி இடித்தால் மின்செருகியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னார், என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டிருப்பார்.

வேறு குறைகளும் உண்டு. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தொலைபேசியை எடுப்பதில்லை. என் பெட்டிக்கு முதல் நாள் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். வேலை இருப்பவர்கள் விட்டுவிட்டுப் போவதே நல்லது. மடிக்கணினியில் மதர்போர்டு அளவிலான பழுது என்றால் தம்மால் ஆகாது என்று சொல்லி வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறார், ஆப்பிள் கணினிகளைத் தொடுவதே இல்லை. அவசரமாக அன்றே வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது.

இதை எழுதும் தை மாதக் காலையில் சி7ஐப் பார்த்தேன். ஒருமுறை ஏறிய எண் புதுக் கேபிள் போட்டாலும் இறங்காது, ஏறாமல் இருந்தால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார், 1,431இலேயே நிற்கிறது. மேசைத்திரை ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. பக்கத் தகட்டை இறுக்கும் திருகாணிகளில் ஒன்று மட்டும் அன்று அவர் சட்டைப் பையில் போய்விட்டது. எடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறார், அடுத்த முறை நாகர்கோவில் போகும்போது வாங்கி வர வேண்டும்.